நாலு கிராம் மணல் பல்லிகள்

துல்கர்னைன் காக்கா என்னை அறைந்தது ஒரு பல்லிக்காக. அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன்தான், ஆனால் அதற்கு முன்னால் என்மேல் அவர் கை வைத்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. தென்காசியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை வாசலில் விரல் நீளத்தில், மணல் நிறத்தில் ஒன்று தரையோடு தரையாக ஓடியது. பல்லியை ஒரே அடியில் கொன்றால் நன்மை அதிகம் என்று எங்கள் தெருவில் எழுதப் பழகும் முன்பே சொல்லித் தந்துவிடுவார்கள். சின்ன வயதில் வெள்ளிக்கிழமையானால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் திரிவோம். அந்தப் பழக்கத்தில் கால் தானாகப் போய்விட்டது. ஒரே மிதி. வெள்ளரி விதையைக் கடித்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த காக்கா என் காலடியைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டார். அறைந்தார்.

"ஏலே, காலேஜுல என்ன படிச்ச நீ?"

"ஜுவாலஜி."

"மயிரப் படிச்ச. குனிஞ்சு அது வெரலப் பாரு. சொவத்துல ஏறுத வெரலாலே அது?"

குனிந்து பார்த்தேன். பிதுங்கிய குடலுக்குப் பக்கத்தில் ஒரு முன்னங்கால் மட்டும் நசுங்காமல் இருந்தது. விரல்கள் ஊசி போல இருந்தன. சுவரில் ஒட்டுகிற பட்டை எதுவும் இல்லை. மணலில் நடக்கிற உயிர். என் இடது காதில் மூன்று நாள் வண்டு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓமனிலிருந்து அவரோடு விமானத்தில் வந்தவை ஆறு. ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் சுருட்டிப் பால்மாவு டின்னில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். சட்டப்படி தப்புதான். அதைப் பெருமையாகவும் சொன்னதில்லை, மறைத்ததும் இல்லை. என்னால் ஆறு ஐந்தானது.

பதினாலு வருஷம் அங்கே பாலைவனத்தின் நடுவில் எண்ணெய்க் குழாய் போடுகிற முகாமில் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தார். கூடவே ஆலங்குளத்துக்காரர் ஒருவர், ஜெனோ என்று பெயர். இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே சட்டி. ஒருநாள் கிரேனின் இரும்பு வடம் அறுந்து சுழன்று வந்து ஜெனோவை இடுப்புக்கு மேலே வெட்டியது. மணல் புயல். வண்டி வர ஒன்றரை நாள் ஆனது. அதுவரை உடலுக்குக் காவலாக இருந்தது காக்கா மட்டும். இதை ஒரே ஒரு தடவை, ஐந்தருவிக்குப் போகிற வழியில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு எனக்குச் சொன்னார்.

"பக்கத்துல ஒரு வெளக்கு வச்சிருந்தேன். வெளக்குக்கு வண்டும் பூச்சியுமா வந்து அவன் மேல விழுதுலே. எத்தனயத்தான் தட்டிவிட? அப்பதான் மணலுக்குள்ள இருந்து இதுவ வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, பத்து. ஒவ்வொரு பூச்சியா எடுத்துச்சு. ஜெனோ மேல ஒரு எறும்பு ஏற விடல."

அவ்வளவுதான். பைக்கைக் கிளப்பிவிட்டார். பல்லி எதற்கு என்று அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

ஊருக்கு வந்தவர் குற்றாலம் ரோட்டில் பட்டறை போட்டார். சீசன் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவார், பழுது பார்ப்பார். வேலையில் குறை சொல்ல ஆளில்லை. கை மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. இலஞ்சி விலக்கில் ஒரு வேன் டிரைவரின் தாடையை உடைத்தார். அவர் மனைவி ஜாஹிரா மைனியை இரண்டு தடவை அடித்திருக்கிறார். செத்தவரைப் பற்றி இதை எழுதக் கூடாது என்பார்கள். இதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரையோ பற்றியதாகிவிடும். இரண்டாவது தடவை மைனி சுரண்டையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தார். திரும்பக் கொண்டுவந்து விடும்போது அந்த அண்ணன் முகம்மது யூசுப், எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னார்.

"மச்சான், இன்னொரு தடவ என் தங்கச்சி மேல கை பட்டுச்சுன்னா, கை இருக்காது."

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மைனியை அவர் தொட்டு அடித்ததில்லை. யூசுப்புக்குப் பயந்தா, பல்லிகளில் கவனம் போனதாலா, எனக்குத் தெரியாது.

நான் ஒன்றை மிதித்த பிறகு பல்லிகள் வீட்டிலிருந்து பட்டறைக்குப் போயின, மூடிவிட்ட ஒரு பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள். பன் அடுக்கியிருந்த தட்டில் மணல். ஆற்று மணல் ஆகாது, ஈரம் விடாது என்று குற்றாலத்தில் கடலை வறுக்கிறவரிடம் வறுத்துக் கறுத்த மணலை வாங்கிவந்து, ஏழு தண்ணீரில் அலசி, காயவைத்துச் சலித்துப் போட்டார். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தினமும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விடுவார். மற்ற மூன்று மூலைகளும் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். மேலே நாற்பது வாட் பல்பு. முகாமில் ஜெனரேட்டருக்கு எழுதிய பழக்கத்தில் பல்லிகளுக்கும் ஒரு லாக்புக் போட்டார். காலை ஆறு மணி சூடு, பகல் ஒரு மணி சூடு, ஈரம், எது தின்றது, எது தின்னவில்லை. பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், எண்கள் அரபியில். அந்தக் கையெழுத்தை என்னைத் தவிர யாராலும் வாசிக்க முடியாது.

பார்க்க அழகானவைதான். பெரிய கண், இமை கிடையாது. தூசி பட்டால் நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நடந்ததெல்லாம் அடிதடிதான். சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் மீன் ஓட்டைப் பொடித்து, பாச்சைப் பூச்சிகளை அதில் புரட்டி, பின்னங்காலை ஒடித்துத்தான் உள்ளே போடுவார். ஒருநாள் அவசரத்தில் காலை ஒடிக்காமல் போட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் பூச்சிகள் பல்லியைத் தின்றிருந்தன. கண்ணில் தொடங்கி, கழுத்து வரைக்கும். இன்னொரு நாள் இரண்டு ஆண்கள் கடித்துக்கொண்டன. ஒன்றின் வால் தனியே கிடந்து துள்ளியது, மற்றதன் விலா கிழிந்து தொங்கியது. கிழிந்ததைத் தையல் நூலால் கட்டப் பார்த்தார். கையிலேயே செத்தது.

மிச்சம் மூன்று. ஒரு ஆண், இரண்டு பெண்.

சாரல் தொடங்கினால் தென்காசிக்கே கொண்டாட்டம். அவருக்கு மட்டும் அது எதிரி. மலைக் கணவாய் வழியே வரும் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கதவிடுக்கில் திணிக்கும். துவைத்த துணி நாலு நாள் காயாது. ஈரத்தில் பல்லிகளுக்குத் தோல் சரியாக உரியாமல் விரலை இறுக்கிவிடும், விரல் அழுகி விழும். ஊசி முனையால் விரல் விரலாகத் தோலை எடுப்பார். பல்லி கத்தும். அத்தனை சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு கோபமாக ஒரு சத்தம்!

"கத்து. நல்லாக் கத்து. இந்த ஊருல ஒரு குஞ்சாவது பொரிக்க வைக்காம விடப்போறதில்ல ஒன்ன" என்பார்.

அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இந்த ஊரில், அந்தப் பாலைவனத்து உயிர் ஒன்று பிறக்க வேண்டும்.

இந்த வருஷம் ஏப்ரல் இருபதாம் தேதி, ஈர மூலையைத் தோண்டிய பெண் பல்லி இரண்டு முட்டை வைத்தது. ஒவ்வொன்றும் மொச்சைப் பயறு அளவு. ஒரு தயிர் டப்பாவில் மணலைப் போட்டு முட்டைகளை அதில் பதித்து, வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்கான ஸ்டெபிலைசர் மேல் வைத்தார். ஸ்டெபிலைசரின் சூடு எப்போதும் முப்பது டிகிரி சுற்றியே இருக்கும் என்பது மெக்கானிக்கின் கணக்கு. எழுபதிலிருந்து தொண்ணூறு நாள் ஆகலாம் என்று லாக்புக்கில் எழுதினார். மைனி அருவருப்பில் ஒரு வாரம் ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை. சுரண்டைக்குப் போன் போட்டு அண்ணனிடம் புலம்பினார்: "பல்லி முட்டையக் கொண்டாந்து பால்பாக்கெட்டுக்குப் பக்கத்துல வச்சிருக்காரு, நான் என்னத்தச் சொல்ல?"

இதே நாட்களில்தான் டீக்கடைப் பேச்சும் நடந்தது. எங்கள் பக்கத்தில் மண்ணுளிப் பாம்புக்கும் பெரிய பல்லிக்கும் லட்சம் லட்சமாகக் கொடுக்க எங்கோ ஓர் ஆள் இருக்கிறான் என்று நம்புகிற கூட்டம் எப்போதும் உண்டு. அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. முந்நூறு கிராம் தேறினால்தான் விலை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பட்டறைக்கு எதிரே டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஒருத்தர் கேட்டார்.

"ஒத்தப் பல்லி என்ன வெல போவும் அண்ணாச்சி?"

காக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஒன் வீட்ட வித்து, ஒன் மாமியா வீட்ட வித்து, பத்தாததுக்கு ஒன் மாமியாளையும் வித்துட்டு வாடே. மிச்சத்துக்கு உக்காந்து பேசுவோம்."

கடையே சிரித்தது. ஏதோ வேலையாக வந்திருந்த யூசுப்பும் சிரித்தார். "மாமியாளுக்கு ஆரு வெல குடுப்பா மச்சான்!" என்றுகூடச் சொன்னார். நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து யூசுப் இரண்டு பேரைப் பட்டறைக்குக் கூட்டிவந்தார். ஒருவர் புளியரைப் பக்கத்து புரோக்கர், கையில் நகைக்கடைத் தராசு வைத்திருந்தார். பல்லியைத் தராசுத் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். நாலு கிராம். அடுத்ததும் நாலு. ஆண் நாலே கால்.

காக்கா சிரித்துவிட்டார். "போதுமா? இன்னொரு எழுபது எம்பது பிடிச்சு ஒண்ணாத் தச்சுத் தரட்டா?"

புரோக்கர் சிரிக்கவில்லை. "இது குட்டியல்லே? தள்ள எவிடே?" என்று யூசுப்பைக் கேட்டார். இது குட்டிதானே, தாய் எங்கே என்கிறார், மலையாளத்தில்.

அந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. வயசுக்கு வந்த, முட்டை வைத்த பல்லியே நாலு கிராம்தான் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. யூசுப் தங்கச்சி சொன்னதை நினைத்துப் பார்த்தார். முட்டை வீட்டில் இருக்கிறது. முட்டை இருந்தால் தாய் இருக்க வேண்டும். தாய் பெரிசாக இருக்கும். மச்சான் அதை எங்கேயோ ஒளித்திருக்கிறார்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி மதியம், நாலு பேராக வந்தார்கள். நான் அங்கே இல்லை. சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு ஆட்டோவில் போய் இறங்கிய மைனி பார்த்ததை, போலீஸில் சொன்னதை, நான் எழுதுகிறேன்.

பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே காக்கா மல்லாக்கக் கிடந்தார். ஒருத்தன் மார்பில் உட்கார்ந்திருந்தான். காலை அமுக்கிப் பிடித்திருந்தது யூசுப். புரோக்கர் கையில் ஜெனரேட்டரைச் சுற்றிக் கிளப்புகிற கம்பி.

"தாயி எங்கன மச்சான்? சொல்லிட்டா விட்டுருவாவ. சொல்லுங்க மச்சான்" என்று யூசுப் கெஞ்சிக்கொண்டிருந்தார். கெஞ்சிக்கொண்டே காலை விடாமல் பிடித்திருந்தார்.

காக்கா கண்ணாலேயே கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். வாயில் ரத்தம். "அந்தா இருக்குல்லா. வயித்துல மஞ்சப் பொட்டு. அதாம்லே தாயி."

டீக்கடையில் கேலி பேசியதுபோல இப்போதும் கேலி பேசுகிறார் என்று நினைத்தார்கள். கம்பி விலாவில் இறங்கியது. தாயை ஆற்றில் விட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். அவருக்கு அடிக்கத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. ஒரு கையை உருவி, மார்பில் இருந்தவனின் காதைப் பிடித்துக் கிழித்தார். எழுந்து புரோக்கரின் முகத்தில் ஸ்பேனரால் அடித்தார். இரண்டு பல் தெறித்தது. நாலு பேரும் சேர்ந்து அவரைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் தள்ளினார்கள். பெட்டி நொறுங்கி, மணலும் கண்ணாடியும் அவரும் ஒன்றாக விழுந்தார்கள். பல்லிகள் ஓடின. ஓடியவற்றின் மேலேயே அவர்கள் மிதித்து மிதித்து அவரை உதைத்தார்கள்.

மைனி கத்திய சத்தத்தில் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். தூக்குச்சட்டியால் யூசுப்பின் மண்டையில் மைனி அடித்த அடியில் குழம்பும் ரத்தமும் அவர் சட்டையில் ஒன்றாக வழிந்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். மைனி அதைப் போலீஸில் சொல்லவில்லை.

மண்ணீரல் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். நான் போனபோது ஒரு கண் திறந்திருந்தது.

"ஸ்டெபிலைசர் ஓடுதாலே?"

"ஓடுது காக்கா."

"கரண்டு போச்சுன்னா சுடுதண்ணி பாட்டில வை. ரொம்ப ஒட்டி வச்சிராத, வெந்துரும்."

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் ஜெனோவிடம்தான். இருபத்தொன்றாம் தேதி காலை முடிந்தது.

அடக்கம் செய்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி ரசீது ஒன்றைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். பட்டப்பகல். உள்ளே இரண்டு பேர் கடப்பாரையால் தரையை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் தெரு, ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர். இடுப்பளவு தோண்டியிருந்தார்கள், சாரல் தண்ணீர் ஊறிக் குழி நிறைந்துகொண்டிருந்தது.

"தம்பி, கோவப்படாத. அவர்தான் போயிட்டாரு. அந்தப் பெரிய தாய்ப்பல்லி உள்ள கெடந்து வீணாச் சாவணுமா?" என்றார்.

குழிக்குள் குதித்து அவரை அடித்தேன். சேற்றில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்திருந்த என் கையை மற்றவர் வந்துதான் பிரித்தார்.

மைனி இத்தாவில் உட்கார்ந்துவிட்டார், கணவன் இறந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம். நாலு மாதம் பத்து நாள். கணவனின் தம்பியானாலும் நான் அந்த அறைக்குள் போகக் கூடாது. தன்னோடு உள்ளே இருக்கட்டும் என்று ஸ்டெபிலைசரையும் தயிர் டப்பாவையும் அவர் முதல் நாளே அங்கே கொண்டுபோயிருந்தார். எனவே தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் மூடிய கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லாக்புக்கை வாசிப்பேன். உள்ளேயிருந்து மைனி பதில் சொல்வார்.

"சூடு எவ்ளோ மைனி?"

"இருபத்தொம்பதர."

"மணல் ஓரத்துல மட்டும் நாலு சொட்டுத் தண்ணி. முட்ட மேல படக்கூடாது."

"மேல படாது. நீங்க அடுத்தத வாசிங்க."

அறுபத்தெட்டாம் நாள் ஒரு முட்டை குழிந்து நாறியது. கதவுக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ஒருநாள் மரம் விழுந்து காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் இல்லை. சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, அரை மணிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, தயிர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஜூலையில் மைனியின் தாயார் சுரண்டையிலிருந்து வந்தார். யூசுப் கோர்ட்டில் சரணடைந்து ஜெயிலில் இருந்தார். நான் வெளியே நாற்காலியில் இருப்பது தெரிந்தே அந்த அம்மா உள்ளே பேசினார்.

"ஒங்கூடப் பொறந்தவன்டீ. காலத்தான் புடிச்சானாம், அடிக்கலயாம். நீ ஒரு வார்த்த மாத்திச் சொன்னா வந்துருவான்."

"காலப் புடிச்சான். ஆமா. நான் பாத்தேன்." மைனியின் குரல் உயரவில்லை. "காலப் புடிக்காம இருந்தா இவுஹ ஓடியிருப்பாவம்மா. நாந்தான் அவன்ட்ட முட்டையச் சொன்னேன். அதுக்கு எனக்கு என்ன தண்டனன்னு அல்லாவுக்குத் தெரியும். அவனுக்கு உள்ளத நான் சொல்லத்தான் செய்வேன். நீங்க சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

அந்த அம்மா சாப்பிடாமலே போனார்.

ஜூலை பதினாலு, எண்பத்தைந்தாம் நாள். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே உள்ளே இருந்து குரல் வந்தது.

"தம்பி! கீறிருக்கு. முட்ட கீறிருக்கு. மூக்கு தெரியுது."

"தொடாதீங்க மைனி. காக்கா எழுதிருக்காரு. அதுவா வரணும், இழுக்கக் கூடாதாம்."

"நான் எங்க தொட்டேன்? நீங்க கத்தாதீங்க."

வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"வெளிய வந்துட்டு" என்றார் மைனி. கொஞ்ச நேரம் கழித்து, "அசையல" என்றார். அசையாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று லாக்புக்கின் பக்கங்களைப் புரட்டினேன்.

"மைனி?"

"இருங்க." திடீரென்று 'ஆ' என்றொரு சத்தம். "யா அல்லா! தம்பி, ஒரு ஈர்க்குச்சி கனம் இல்ல, வாயப் பொளந்து எங்கையக் கடிக்க வருது. மறுபடியும் வருது பாருங்க! கத்துது. கேக்குதா ஒங்களுக்கு?"

கேட்டது. கதவு வழியே, மழைக்கு நடுவில், கீச்சென்று கோபமாக ஒரு சத்தம்.

"கடிக்கட்டும் மைனி."

"கடிக்கட்டும், எனக்கென்ன." அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "திங்க என்ன குடுக்கணும்? பாச்சயக் கால ஒடிச்சா, ஒடிக்காமலா? அந்தப் பக்கத்தத் தேடி வாசிங்க."